வேலை தேடுவதும் ஒரு வேலையே!

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022-ஆம் ஆண்டு குரூப்-4 தேர்வை நடத்தியபோது முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். அதாவது, ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். பின்னர் பணியிடங்களின் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டி உயர்த்தப்பட்டது. அப்போதும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல் போட்டியிட்டனர். தேர்வானவர்களின் பெயர்கள் செய்தியாயின. தேர்வாகாத பெரும்பான்மையினர் அடுத்த அறிவிக்கைக்காகக் காத்திருக்கத் தொடங்கினர்.

இந்தக் காத்திருப்பின் உண்மையான விலையை அறிய வேண்டுமெனில், புதுக்கோட்டை மாவட்டத்தின் குன்றாண்டார்கோவில் போன்ற பகுதிகளைப் பார்க்க வேண்டும். பல்லவர் காலக் குடைவரைக் கோயிலாலும், தேர் வடிவில் அமைந்த கல் மண்டபத்தாலும் வரலாற்று ஆர்வலர்கள் அறிந்த ஊர் அது. மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆற்றுப் பாசனம் இல்லாத, கண்மாயையும் கிணற்றையும் வானத்தையும் நம்பிய மண். இந்த மண்ணில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவாகியிருப்பது கடந்த கால் நூற்றாண்டின் பெரும் சாதனை. ஆனால், பட்டம் பெற்ற பிள்ளைக்கு 'அடுத்து என்ன' என்று சொல்லித் தரும் அனுபவம் அந்த வீட்டில் எவருக்கும் இல்லை. தகப்பனார் வேலைக்கு விண்ணப்பித்ததில்லை. தாயார் நேர்காணலைக் கண்டதில்லை. நகரத்துக் குடும்பங்களில் உணவு மேசையிலேயே கிடைத்துவிடும் இந்த அறிவு, கிராமத்து இளைஞருக்குக் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதில்லை. இடைவெளியை நிரப்ப வருபவர் பெரும்பாலும் தரகர்.

வேலைவாய்ப்புகளைப் பெருக்குவது அரசின் கடமை. எந்த அறிவுரையும் இல்லாத வேலையை உண்டாக்கிவிடாது. ஆனால், இருக்கும் வேலைக்கும் தேடும் இளைஞருக்கும் இடையே உள்ள தூரத்தை, முறையான தேடலால் பெருமளவு குறைக்க முடியும். அந்த முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

காத்திருப்புக்குக் காலவரையறை

அரசுப் பணிக்கு முயல்வதில் தவறில்லை. பணிப் பாதுகாப்பும் மரியாதையும் தரும் வேலையை ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை விரும்புவது இயல்பே. சிக்கல், முயற்சிக்கு எல்லை வகுக்காததில் இருக்கிறது. இடஒதுக்கீட்டுப் பிரிவினரில் கூடுதல் கல்வித் தகுதி பெற்றவர்களுக்குப் பல பதவிகளில் வயது வரம்பு தளர்த்தப்பட்டிருக்கிறது. நல்ல நோக்கத்தில் தரப்பட்ட இந்தச் சலுகையே, 'இன்னும் ஒருமுறை' என்று முப்பது வயது வரை வேறு எதையும் செய்யாமல் இருக்கவும் இடம்கொடுத்துவிடுகிறது.

வேலையின்மை மனிதரை என்ன செய்யும் என்பதை ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற சிற்றூரில் நடந்த ஆய்வு விளக்கியது. 1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சியின்போது அவ்வூரின் நூற்பாலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அந்த மக்களை நெருங்கி ஆராய்ந்து 1933-இல் முடிவுகளை வெளியிட்டனர். வேலை இழந்தவர்களுக்கு நேரம் மிகுதியாகக் கிடைத்தும், ஊர் நூலகத்தில் நூல் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்களின் நடை வேகம்கூடத் தளர்ந்திருந்தது. கையில் நேரம் மட்டும் இருந்தால் போதாது; அதைத் தாங்கிப் பிடிக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதே அந்த ஆய்வின் பாடம். எந்த வேலையிலும் சேராமல் ஐந்தாண்டு படிப்பவர், முதல் ஆண்டில் படித்த வேகத்தில் ஐந்தாம் ஆண்டிலும் படிப்பதில்லை.

ஆகவே, முழுநேரத் தயாரிப்புக்கு ஒன்றரை ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு என்று குடும்பத்தோடு பேசி வரையறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் தேர்வு எழுதலாம். ஆனால், ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுத வேண்டும். தயாரிப்பின் அளவுகோலும் தெளிவாக இருக்க வேண்டும். குரூப்-4 தேர்வில் 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதிப் பகுதியைச் சேர்ந்தவை. அதில் 150-க்கு 60 மதிப்பெண் பெறாதவரின் மறுபகுதி திருத்தப்படுவதே இல்லை. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாளை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்து, கிடைக்கும் மதிப்பெண்ணை மாதந்தோறும் குறித்து வந்தால், முன்னேறுகிறோமா தேங்கி நிற்கிறோமா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

அரசுப் பணி என்றால் ஒரே ஒரு தேர்வாணையம் என்று எண்ணுவதும் தவறு. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பன்முகப் பணியாளர் தேர்வு 2023 முதல் தமிழிலும் எழுதக் கூடியதாக ஆகியிருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான காவலர் தேர்வு 2024 முதல் தமிழில் நடக்கிறது. ரயில்வே தேர்வுகளையும் தமிழில் எழுதலாம். கிராம அஞ்சல் பணியாளர் பதவிக்கு எழுத்துத் தேர்வே கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணின் தரவரிசையே அளவுகோல். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆனால், 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றதற்கான சான்று தேவை. அந்தச் சான்றைப் படித்த பள்ளிகளில் இப்போதே பெற்று வைத்துக்கொள்வது நல்லது. தேர்வு முடிவு வந்தபின் அலைவது வீண் பதற்றம்.

காகிதங்களைச் சீர்செய்தல்

வேலை கையருகே வந்து நழுவுவதற்கு மிகச் சாதாரணமான காரணம், ஆவணங்களில் உள்ள முரண்பாடு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் தகப்பனாரின் முழுப்பெயர், சாதிச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல், வங்கிக் கணக்கில் மற்றொன்று என்பது நம் கிராமங்களில் பொதுவான காட்சி. பிறந்த தேதியிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. நிறுவனம் வருங்கால வைப்புநிதிக் கணக்கு தொடங்கும்போதும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த முரண்பாடுகளே முட்டுக்கட்டையாகின்றன.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு, மற்ற அனைத்தையும் அதற்கு ஒத்துவருமாறு திருத்திக்கொள்வதே எளிய வழி. இ-சேவை மையத்தில் செய்யக்கூடிய இந்த வேலையைக் கல்லூரியின் இறுதியாண்டிலேயே முடித்துவிட வேண்டும். சொந்தப் பெயரில் ஒரு கைப்பேசி எண், அதே எண் இணைக்கப்பட்ட ஆதார், பெயரைக் கொண்டே அமைந்த மின்னஞ்சல் முகவரி, டிஜிலாக்கரில் சேமித்த சான்றிதழ்கள் ஆகியவை தேடலின் அடிப்படைக் கருவிகள். அடிக்கடி எண்ணை மாற்றுபவரை எந்த நிறுவனமும் தேடிக் கண்டுபிடிக்காது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் விட்டுவிடக் கூடாது. இணையவழியிலேயே பதியலாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது; பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என மூன்றாண்டுகள். இன்றைய விலைவாசியில் இது சிறு தொகையே. ஆனால், அந்த அலுவலகத்தின் பெரிய பயன் வேறு. இன்று அது வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையமாகவும் இயங்குகிறது. அதன் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தரப்படுகிறது. தனியார் நிறுவனங்கள் பங்கேற்கும் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்தப்படுகின்றன. 2020-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். அட்டையைப் புதுப்பிப்பதற்கு மட்டும் அந்த அலுவலகத்தை நினைப்பவர்கள், அதன் பாதிப் பயனைக்கூடப் பெறுவதில்லை.

அருகில் இருப்பதை அறிதல்

வேலை என்றால் சென்னை அல்லது சிங்கப்பூர் என்று தொலைதூரத்தையே நோக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. குன்றாண்டார்கோவில் பகுதி இளைஞருக்கு அருகிலேயே ஒரு தொழில் வட்டாரம் இருக்கிறது. கீரனூர் வழியாகத் திருச்சி செல்லும் சாலையில் மாத்தூர் தொழிற்பேட்டை; அதைத் தாண்டினால் திருவெறும்பூரில் 1960-களில் எழுந்த பாரத மிகுமின் நிறுவனமும் அதைச் சார்ந்து வளர்ந்த சிறு, நடுத்தரப் பட்டறைகளும்; மேற்கே விராலிமலையின் தொழிற்சாலைகள்; தெற்கே புதுக்கோட்டை சிப்காட். பெரிய நிறுவனத்தில் ஆர்டர் குறைந்தால் சார்புப் பட்டறைகள் தள்ளாடுவதும் உண்மை. ஆனால், அங்கே கற்ற கைத்தொழில் எங்கும் செல்லுபடியாகும்.

பற்றவைப்புத் தொழிலை எடுத்துக்கொள்வோம். சான்றிதழைக் காட்டினால் மட்டும் நல்ல பட்டறையில் வெல்டராகச் சேர முடியாது. செய்து காட்டச் சொல்வார்கள். 6ஜி எனப்படும் சோதனையில், 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்ட குழாயைச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் கீழும் கை ஒரே சீராக ஓட வேண்டும். பிறகு அந்த இணைப்பை வளைத்தோ ஊடுகதிர் கொண்டோ ஆராய்வார்கள். இதில் தேறியவருக்கும், தட்டையான தகட்டில் மட்டும் பற்றவைக்கத் தெரிந்தவருக்கும் ஊதியத்தில் பெரும் வேறுபாடு உண்டு. பற்றவைப்பு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் 1975 முதல் திருச்சியில் இயங்கிவருகிறது என்பதை இப்பகுதி இளைஞர்கள் பலர் அறிந்திருக்கவில்லை.

வேலை கற்றுக்கொண்டே உதவித்தொகை பெற உதவும் வாசல், தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பொதுத்துறை நிறுவனங்களும் ரயில்வே பணிமனைகளும் பெரிய தனியார் ஆலைகளும் பயிற்சியாளர்களைச் சேர்க்கின்றன. திருச்சி பொன்மலைப் பணிமனையும் அவற்றுள் ஒன்று. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு மட்டுமே இது என்ற எண்ணம் தவறு. பட்டயம், பட்டம் பெற்றவர்களுக்கும் தனித் திட்டம் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் பழகுநர்களாக எடுத்திருக்கின்றன. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். இருப்பினும், 'முன் அனுபவம் உண்டா' என்ற கேள்விக்கு ஓராண்டுப் பழகுநர் சான்று ஒரு விடையாகிறது.

படிப்பை இடையில் நிறுத்தியவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. ஊரக இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி தரப்பட்டு, வேலையில் சேர்க்கவும் முயற்சி எடுக்கப்படுகிறது. சொந்தத் தொழில் நடத்த விரும்புவோருக்கு, வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. 2022 மார்ச் முதல் தேதி தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குப் படிப்போடு சேர்த்தே திறன் பயிற்சி தருகிறது. வருகைப் பதிவுக்காக உட்கார்ந்துவிட்டு வருவதா, அதில் ஒன்றையேனும் உருப்படியாகக் கற்பதா என்பது மாணவர் கையில் இருக்கிறது.

யாரிடம் கேட்பது?

பல வேலைகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. 'சிபாரிசு இருந்தால்தான் வேலை' என்று சலித்துக்கொள்வதற்கு முன், அந்தச் சிபாரிசு எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது பயன் தரும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையில் புகழ்பெற்றது. அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களை அவர் ஆராய்ந்தபோது, அந்தத் தகவலைத் தந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நெருங்கிய நண்பர்களோ உறவினர்களோ அல்லர்; எப்போதாவது சந்திப்பவர்கள். 2022-இல் லிங்க்ட்-இன் தளத்தின் இரண்டு கோடிப் பயனர்களை ஐந்தாண்டு ஆராய்ந்து வெளியான முடிவும், மிக நெருங்கியவர்களைவிட ஓரளவே அறிமுகமானவர்களே வேலை மாற்றத்துக்கு மிகுதியாக உதவுகின்றனர் என்று காட்டியது.

காரணம் எளிது. நம் பங்காளிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்தது நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாத செய்தி, நம் வட்டத்துக்கு வெளியே இருப்பவரிடமே இருக்கும். கல்லூரியில் இரண்டாண்டு மூத்தவர், விடுமுறைக்கு வந்திருக்கும் ஆலைத் தொழிலாளி, டிராக்டர் பழுதுபார்ப்பவர், பட்டறைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், பழைய பள்ளி ஆசிரியர், வங்கி முகவர் எனக் கிராமத்திலும் இத்தகையோர் பலர் உண்டு. அவர்களிடம் 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்டால், 'சரி, பார்க்கலாம்' என்ற விடையே கிடைக்கும். 'உங்கள் ஆலையில் ஆள் எடுப்பது யார்? எந்த மாதத்தில் எடுப்பார்கள்? எந்தப் படிப்பைக் கேட்பார்கள்? நான் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?' என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும். அவர் நமக்கு வேலை வாங்கித் தர வேண்டியதில்லை. செய்தி சொன்னால் போதும். கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை. உதவியவருக்கு முடிவைத் தெரிவிக்கும் பண்பு மட்டும் தேவை.

செய்த வேலையைச் சொல்லுங்கள்

நம் இளைஞர்களின் தன்விவரக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கணினி மையத்தில் ஏற்கெனவே இருக்கும் கோப்பில் பெயரை மட்டும் மாற்றி எடுத்தவை. 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகப் பணிபுரிபவர்' என்று எல்லாரும் எழுதுவதால், அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரே பக்கம் போதும். படிப்பு, தேறிய ஆண்டு, தெரிந்த கருவிகள், செய்த வேலைகள், தொடர்பு எண் ஆகிய ஐந்தும் பிழையின்றி இருக்க வேண்டும்.

'நான் எந்த வேலையும் செய்ததில்லையே' என்பது கிராமத்து இளைஞரின் வழக்கமான பதில். அது உண்மையல்ல. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியது, மகளிர் சுயஉதவிக் குழுவின் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டது, மளிகைக் கடையில் பில் போட்டது, கதிர் அறுக்கும் இயந்திரத்தோடு ஒரு பருவம் சுற்றியது, மோட்டார் காயில் கட்டியது, திருமண மண்டபத்தில் பந்தி மேற்பார்வை செய்தது எல்லாமே வேலைகள்தாம். 'இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் காலை ஐந்து மணிக்குப் பால் அளந்து, உறுப்பினர் கணக்கைப் பிழையின்றிப் பராமரித்தேன்' என்ற ஒரு வரி, 'நேரம் தவறாதவர்' என்ற சொல்லைவிட நம்பத்தக்கது.

நேர்காணலிலும் இதுவே அடிப்படை. மனப்பாடம் செய்த ஆங்கிலச் சுய அறிமுகத்தை ஒப்பித்துவிட்டு, அடுத்த கேள்வியில் திணறுவதைக் காட்டிலும், தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகவும் இடையிடையே தமிழிலும் விளக்குவது மேல். தொழிற்சாலைப் பணிக்கு நேர்காணல் செய்பவர் அறிய விரும்புபவை மூன்று: சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, கற்றுக்கொள்வாரா, நீடித்து இருப்பாரா? தெரியாத கேள்விக்குத் 'தெரியாது, கற்றுக்கொள்கிறேன்' என்பது மதிப்பைக் குறைக்காது. படித்த பாடத்தில் இரண்டு பகுதிகளையேனும் வேரோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். பேருந்து வசதி குறைந்த ஊரிலிருந்து செல்பவர், முதல்நாளே பயணத்தைத் திட்டமிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது நல்லது. முதல் பேருந்து வராததைக் காரணமாகச் சொல்லும் நிலை நேராது.

ஊதியத்தைப் படிக்கக் கற்றல்

நேர்காணலில் கேள்வி கேட்கும் உரிமை வேலை தேடுபவருக்கும் உண்டு. நேரடி நியமனமா, ஒப்பந்தக்காரர் மூலமா? பயிற்சிக் காலம் எவ்வளவு? எத்தனை மணி நேரப் பணி, இரவுப் பணி உண்டா? வைப்புநிதி, இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா? தங்குமிடத்துக்குப் பணம் பிடிப்பார்களா? இவற்றைப் பணிவோடு கேட்டால் எவரும் தவறாக எண்ணமாட்டார்.

சி.டி.சி. என்று சொல்லப்படும் தொகை கைக்கு வரும் தொகை அன்று. எடுத்துக்காட்டாக, மாதம் ஏறத்தாழ 17,000 ரூபாய் என்று சொல்லப்பட்ட ஒரு வேலையில், நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் சேர்ந்தே இருக்கலாம். அவற்றைக் கழித்தால் மொத்த ஊதியம் 15,000. அதில் அடிப்படை ஊதியம் 12,000 எனில், தொழிலாளியின் பங்காக 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் வைப்புநிதிக்குச் செல்லும். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் என நூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். கையில் கிடைப்பது 13,500 ரூபாயை ஒட்டியே இருக்கும். இந்தப் பிடித்தங்கள் இழப்பல்ல. சேமிப்பும் மருத்துவப் பாதுகாப்பும் ஆகும். பிடித்தமே இல்லாமல் முழுத் தொகையையும் கையில் தருவதாகச் சொல்லும் இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். அதேபோல, வீட்டிலிருந்து சென்றுவரும் தொலைவில் 14,000 ரூபாய்க்குக் கிடைக்கும் வேலையையும், சென்னைப் புறநகரில் 20,000 ரூபாய்க்குக் கிடைக்கும் வேலையையும் ஒப்பிடும்போது அறை வாடகை, உணவு, பயணச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒப்பிட வேண்டும்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர்களுக்கு நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குவது வேலையில் சேரும் நாளின் முதல் கடமை. அடுத்த வேலைக்கு அதுவே அனுபவச் சான்று.

பணம் கேட்பவரிடம் வேலை இல்லை

வேலை தருபவர் பணம் கேட்கமாட்டார். பணம் கேட்பவர் வேலை தரமாட்டார். பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், முன்வைப்புத் தொகை, 'மேலிடத்துக்கு' என எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிட வேண்டும். ரயில்வேயில், மின்வாரியத்தில், நீதிமன்றத்தில் வேலை வாங்கித் தருவதாகக் கூறி லட்சங்களைப் பறித்தவர்கள் கைதாகும் செய்தி நாளிதழ்களில் இடம்பெறாத மாதம் அரிது. அந்தப் பணம் பெரும்பாலும் நிலத்தை அடகு வைத்தோ, நகையை விற்றோ திரட்டப்பட்டது. ஏமாந்தவர் சட்டத்துக்குப் புறம்பான வழியில் முயன்றவர் என்பதால் புகார் தரவும் தயங்குகிறார். வீட்டிலிருந்தே கைப்பேசியில் வேலை என்று தொடங்கி, சிறு தொகையைத் தந்து நம்பவைத்து, பெருந்தொகையைச் செலுத்தச் சொல்லும் மோசடியும் பெருகியிருக்கிறது. இணையவழி மோசடியில் பணம் இழந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகப் புகார் தருகிறோமோ அவ்வளவு வாய்ப்பு, பணத்தை முடக்கி மீட்பதற்கு உண்டு. அசல் சான்றிதழ்களையும் எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது. சரிபார்த்ததும் திரும்பப் பெற்றுவிட வேண்டும்.

வெளிநாட்டு வேலை புதுக்கோட்டை மாவட்டத்தின் பல குடும்பங்களை உயர்த்தியிருக்கிறது. அதே வழியில் பலர் சிக்கியும் இருக்கின்றனர். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 2022-இல் மீட்டு வரப்பட்டது நினைவிருக்கலாம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற முகவர்களே வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்க முடியும். முகவரின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்ற உச்சவரம்பு உண்டு. சுற்றுலா விசாவில் போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பவே கூடாது. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

பெண்களின் தூரம்

பெண்களைப் பொறுத்தவரை வேலைக்கு முதல் தடை படிப்பன்று, தூரம். இதைப் புதுக்கோட்டை மாவட்டம் ஏற்கெனவே ஒருமுறை உணர்ந்து வென்றிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுத்தறிவோடு நடமாட்டச் சுதந்திரமும் சேர்ந்தால்தான் பயன் என்பதை நாட்டுக்கே காட்டிய இயக்கம் அது. கிராம அஞ்சல் பணிக்கு மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்றும் ஒரு தகுதி என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று பட்டம் பெற்றிருக்கின்றனர். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் கிடைக்கிறது. வெளியூரில் தங்கிப் பணிபுரிவோருக்கு அரசின் தோழி விடுதிகள் உள்ளன. தனியார் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். மகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோர், விடுதியின் பதிவையும், கைப்பேசியில் பேசவும் விடுமுறையில் வீட்டுக்கு வரவும் தடையில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தொகை தருவோம் என்று நூற்பாலைகளுக்கு இளம்பெண்களை அழைத்துச் சென்ற 'சுமங்கலித் திட்ட'த்தின் கசப்பை நாம் மறந்துவிடக் கூடாது. மாத ஊதியம் மாதந்தோறும் அவரவர் வங்கிக் கணக்கில் வர வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியது

இவ்வளவையும் இளைஞர் ஒருவரின் தோளில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. மாவட்டத் தலைநகரில் ஆண்டுக்கு ஓரிரு முறை நடக்கும் பெரிய வேலைவாய்ப்பு முகாமைக் காட்டிலும், ஒன்றியந்தோறும் நடக்கும் சிறிய முகாம் பயன் மிக்கது. ஆலைகளின் காலைப் பணி நேரத்துக்கு ஏற்ப ஓர் அரசுப் பேருந்தின் நேரத்தை மாற்றியமைத்தால், பல கிராமங்களின் இளைஞர்கள் வீட்டிலிருந்தே வேலைக்குச் செல்ல முடியும். ஊராட்சி அலுவலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் வாரந்தோறும் வேலை அறிவிப்புகளைத் தமிழில் ஒட்டிவைப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியும் தன்னிடம் படித்து வேலையில் இருப்பவர்களின் பட்டியலைத் திரட்டி, ஆண்டுக்கு ஒருநாள் அவர்களை மாணவர்களோடு பேச வைத்தால், தரகர்களின் பிடி தானாகவே தளரும்.

தேடுபவர் தம் பங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். எந்த நாளில் எங்கே விண்ணப்பித்தோம், யாரைச் சந்தித்தோம், என்ன பதில் வந்தது, எங்கே தவறினோம் என்று எழுதி வரட்டும். நாளுக்கு மூன்று மணி நேரம் தேடலுக்கு, மூன்று மணி நேரம் கற்றலுக்கு என்று ஒதுக்கினால் தேடலுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். முதல் வேலை கனவு வேலையாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த வேலைக்குக் கொண்டுசெல்லும் படியாக இருந்தால் போதும். இருபத்தொரு வயது முதல் இருபத்தெட்டு வயது வரையிலான ஆண்டுகள் எந்தத் தேர்வாணையமும் திருப்பித் தர முடியாதவை. அவற்றைக் காத்திருப்பில் கரையவிடாமல் காப்பது இளைஞரின் பொறுப்பு மட்டுமன்று; அவரைப் படிக்க வைத்த குடும்பத்துக்கும் ஊருக்கும் அரசுக்கும் அதில் பங்குண்டு.